கட்டி இல்லாத கூழ்

முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போதே எனக்குக் கிரைப் வாட்டர் ஞாபகம் வந்துவிட்டது. கோபன்ஹேகன் துறைமுகத்தை ஒட்டிய பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை உணவகமாக்கியிருக்கிறார்கள். முன்பகுதியில் ஒரு காக்டெயில் பார். சாப்பாட்டு மேஜைக்குப் போவதற்கு முன்னால் அங்கே அரை மணி நேரம் உட்கார வைப்பது அவர்கள் வழக்கம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், கண்ணாடி மாதிரி தெளிந்த ஐஸ் பாளம் ஒன்றை நீளக் கத்தியால் அறுத்து, ஓரங்களைச் செதுக்கி, என் கிளாஸுக்குள் நூலிழை இடைவெளி விட்டு இறங்குகிற மாதிரி ஒரு துண்டு போட்டாள். அப்புறம் அக்வவிட், வெள்ளரிச் சாறு, ஏதோ ஒரு புளிப்பு. மேலே இடுக்கியால் ஒரே ஒரு மஞ்சள் பூங்கொத்து. "இது எங்கள் கோடையின் கடைசி வாரம்" என்று சொல்லி நீட்டினாள். குடித்தேன். எனக்குக் கோடை வரவில்லை. எங்கள் தெரு மருந்துக்கடை வந்தது, பாலாடை வந்தது, அம்மா மடியில் கால் உதைத்து அலறும் என் தங்கை வந்தாள்.

அந்த மஞ்சள் பூ சதகுப்பை. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் மருந்துச் சாமான்களில் ஒன்றாகத்தான் நமக்கு அது தெரியும். கிரைப் வாட்டரின் வாசனையும் அதுதான். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் அதை முதலில் தயாரித்தபோது சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, சோடா உப்போடு கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்திருந்தார். அக்வவிட் என்பதோ தானியத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ வடித்த சாராயத்துக்குக் கேரவே விதையின் மணமோ சதகுப்பை மணமோ ஏற்றியது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இந்த இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. ஆக, அங்கேயும் சதகுப்பை, சாராயம். இங்கேயும் அதே. தொட்டிலிலிருந்து பாருக்கு வந்து சேர எனக்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சும்மா மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "குழந்தைகளுக்கு வயிற்றுவலி மருந்தா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அடுத்த ஐஸை அறுக்கப் போனாள். மனைவி கவுண்டருக்குக் கீழே என் காலை மிதித்தாள். "ஏங்க, அவ எவ்வளவு ஆசையா செஞ்சு குடுத்தா. கோடைக்காலம்னு சொன்னா கோடைக்காலம்னு குடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அன்று இரவு முழுக்க என்னோடு கூடவே வந்தது, இன்னும் போகவில்லை. ஒரு நிலத்தின் ருசி என்று ஒருவர் நம் தட்டில் வைக்கிறார். அந்த நிலத்தில் நாம் வளரவில்லை. அப்போது நாம் சாப்பிடுவது எதை?

நாங்கள் ஸ்வீடனில் மால்மோவில் இருக்கிறோம். பாலத்தைத் தாண்டினால் கோபன்ஹேகன், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். போன செப்டம்பரில் கல்யாணமாகிப் பத்து வருஷம். "ஒரு தடவையாவது அந்த மாதிரி இடத்துல சாப்பிட்டுப் பாத்துடணும், இல்லேன்னா இந்த ஊர்ல இருந்ததுக்கே அர்த்தம் இல்ல" என்று சொன்னவன் நான்தான். ஆளுக்கு 1,900 டேனிஷ் குரோனர், இரண்டு மாதம் முன்னாலேயே முழுப் பணமும் கட்டியாயிற்று. நம்ம ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 23,000 என்று கணக்குப் போட்டது அவள். போட்டுவிட்டு, "இனிமே மாத்திப் பாக்கக்கூடாது" என்று சட்டமும் போட்டாள்.

மிளகு

அன்று சாயங்காலம் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, கிறிஸ்டியான்ஸ்ஹவுன் பக்கம் ஸ்ட்ராண்ட்கேட என்ற தெருவில் நடந்தோம். அவள் பொறையார்க்காரி. தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தத் தெருவில் காட்ட வேண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. டேனிஷ் ஆசியக் கம்பெனியின் சரக்குக் கிடங்கு, எய்க்ட்வெட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1750இல் முடிந்தது. இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் கூட்ட அரங்கு. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கியவர்கள், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் இது. நாயக்கர் கொடுத்த தங்க ஓலை இந்த ஊர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. வந்தவர்களுக்கு முதல் குறி மிளகு. மிளகு தரங்கம்பாடியில் விளைவதில்லை, அது வேறு விஷயம். அங்கே கடை போட்டால் கிடைக்கும் என்று நினைத்தார்கள்.

அதே தெருவின் கோடியில், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, ஃபாரோ தீவுச் சரக்குகள் இறங்கிய இன்னொரு கிடங்கில், 93ஆம் எண்ணில், 2003இல் தொடங்கியதுதான் நோமா என்ற உணவகம். மறு வருஷம் டென்மார்க், ஸ்வீடன், நார்வே போன்ற நார்டிக் நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு சமையல்காரர்கள் கோபன்ஹேகனில் கூடிப் பத்து அம்ச அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை இந்த ஊரில் பெரிய சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடு. இனி நம் மண், நம் கடல், நம் பருவம் என்றார்கள். 2010இல் நோமா உலகின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதற்கப்புறம் நடந்தது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்: பாசியும் எறும்பும் தட்டுக்கு வந்தன, எலுமிச்சை வெளியே போனது.

எலுமிச்சை இல்லாமல் ஒரு பார் நடத்துவது எப்படி என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். எலுமிச்சையோ லைமோ அந்தக் கவுண்டரில் ஒன்றுகூட இல்லை. ரூபார்ப் தண்டின் சாறு, பழுக்காத திராட்சைச் சாறு, சீ பக்தார்ன் என்ற ஆரஞ்சு நிற முள்செடிப் பழம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு புளிப்பு. வரிசையாகக் குட்டிப் பாட்டில்களில், பெயர் எழுதிய வெள்ளை டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ராவை நுழைத்து, மேல்முனையை விரலால் அடைத்து, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே ஊற்றினாள். நம் வீட்டில் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்களே, அந்த முகம் அப்படியே. அதை நான் மறக்கவே மாட்டேன், அந்த 1,900இல் ஒரு 200 அதற்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேஜைக்குப் போய் நாலாவதோ ஐந்தாவதோ தட்டு வந்தபோது மனைவி சர்வரிடம் மிளகு கிடைக்குமா என்று கேட்டாள். ஸ்பெயின் நாட்டுப் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும். மிக அழகாக வருத்தப்பட்டு, "மிளகு இங்கே விளையாது, அதனால் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்றான். அவன் போனதும் இவள் சொன்னாள்: "மிளகுக்காகக் கப்பல் கட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தவங்க. இப்ப எங்க ஊர்க்காரி கேட்டா இல்லைங்கிறாங்க."

கடைசியில் காபி வந்ததே, அது மட்டும் இங்கேயா விளைகிறது என்று அவனைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையின் மேல் பழி போடுவதும் சரியில்லை. வெளியூர்ச் சரக்கையே தொடாதே என்று அதில் எங்கேயும் இல்லை. வெளியிலிருந்து வரும் நல்லதோடு நம்முடையதைச் சேர் என்றுதான் இருக்கிறது. மஞ்சள் பட்டாணியை, ஜப்பான்காரர்கள் மிசோ என்ற சோயா விழுது செய்வதுபோலக் கோஜிப் பூஞ்சை போட்டு நொதிக்க வைத்தவர்கள் நோமாக்காரர்களே. நோமாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சமையல்காரர் ரெனே ரெட்செபியின் அப்பா மாசிடோனியாவிலிருந்து வந்த அல்பேனியர். நார்டிக் ருசி என்று உலகத்துக்குச் சொன்ன மனிதரின் சிறுவயசுக் கோடைகள் பால்கன் கிராமத்தில் கழிந்தவை. அப்படிப்பட்டவர் ஒரு நிலத்தைப் புதிதாகப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. பிறந்து வளர்ந்தவன் வேலியோரக் கீரையைப் பார்ப்பதில்லை.

நாற்பது விநாடிக் கதைகள்

மொத்தம் பதினான்கு தட்டு. ஒவ்வொன்றோடும் ஒரு கதை. நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், சராசரியாக நாற்பது விநாடி. இந்தச் சிப்பியைக் கையால் எடுக்கும் மீனவர் எந்தக் கரையில் இருக்கிறார், இந்த உருளைக்கிழங்கு எந்தத் தீவின் மணலில் விளைந்தது, காய்ந்த புல்லை மூட்டி அதை எத்தனை மணி நேரம் சுட்டார்கள், இந்த பீட்ரூட்டின் மேல் இருக்கும் எறும்புகள் எந்தக் காட்டிலிருந்து வந்தன. எறும்பை நான் சாப்பிட்டேன். நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு புளிப்பு. மாமரத்தில் ஏறி முசுறுக் கூட்டைக் கலைத்தவர்களுக்கு அந்த வாசனை தெரிந்ததுதான், கடித்தது அதுவா நாமா என்பதில்தான் வித்தியாசம். இவள் அவளுடையதைக் கத்தி முனையால் ஓரம் தள்ளி வைத்தாள்.

கதைகளில் யார் பெயர் வருகிறது என்பது பாதியிலேயே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. மீனவர் வருகிறார், விவசாயி வருகிறார், எறும்புகூட வருகிறது. எங்கள் மேஜையிலிருந்து சமையல்கட்டு நேராகத் தெரிந்தது. அங்கே ஒரு பையன் குனிந்த தலை நிமிராமல் சின்னச் சின்ன இலைகளை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று தட்டு முடிக்கும்வரை அவன் ஒரு தட்டைத் தாண்டவில்லை. அவன் எந்தக் கதையிலும் வரவில்லை. நோமாவே தன் பயிற்சிச் சமையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022 அக்டோபரில்தான். சில மாதத்தில், 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக இனித் தொடரப் போவதில்லை என்றும் அறிவித்தார்கள். அந்தப் பையனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கதையில் அவனும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், நிறைய தட்டுகள் அபாரம். புளித்த மாவு ரொட்டியும் லேசாகக் கருக்கிய வெண்ணெயும் தனியாக வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அதற்கு மட்டும் கதை கிடையாது என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. காளான் தட்டுக்குப் பையன் சொன்னது, "மழை பெய்து ஓய்ந்த ஸ்ப்ரூஸ் காட்டின் தரை." மனைவி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "மழ பேஞ்ச காடுன்னா எனக்கு எங்க ஊர் சவுக்குத் தோப்புதான் வருது. உப்புக் காத்தும் சேந்து வருது. என்ன பண்றது?" என்றாள். அவளுக்குச் சவுக்குத் தோப்பு, எனக்குக் கிரைப் வாட்டர். பையன் பாவம் ஸ்ப்ரூஸ் காடு என்று மனப்பாடம் செய்திருக்கிறான். அவனுக்கு வாலென்சியா ஆரஞ்சுத் தோப்பு வந்திருந்தாலும் வந்திருக்கும்.

இந்தச் சாப்பாடு யாருக்காக என்று அப்போது யோசித்தேன். சுற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் எங்களைப் போல வெளியூர் முகம். நிலத்தின் ருசியை நிலத்துக்குச் சம்பந்தம் இல்லாதவர்களுக்குப் பரிமாறுவதால்தான் இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது. ஞாபகம் இருக்கிறவனுக்கு விளக்கம் வேண்டாம். இல்லாதவனுக்கு விளக்கத்தால் ஞாபகம் வரப்போவதில்லை. இப்படி ஒரு தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டேன், பதின்மூன்றாவது தட்டு வரைக்கும்.

பதின்மூன்றாவது தட்டு

எங்களுக்கு வலது பக்க மேஜையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு டேனிஷ் தம்பதி. பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். புதுச் சட்டை, மடிப்பு இன்னும் நெஞ்சில் தெரிந்தது. பதின்மூன்றாவது தட்டு எங்கள் இரு மேஜைக்கும் ஒரே நேரத்தில் வந்தது. கருப்பு மண் கிண்ணத்தில் பழுப்பாக ஒரு கூழ், மேலே வெள்ளை நுரை. ஸ்பெயின் பையன் முதலில் அவர்களிடம் போனான். அவனுக்கு டேனிஷ் தெரியாது, ஆங்கிலத்தில் ஆரம்பித்தான்: "இதன் பெயர் ஓலெப்ரோத். டென்மார்க்கின் பாரம்பரியக் கூழ். அந்தக் காலத்தில் ஏழை விவசாயிகள் மீந்துபோன ரை ரொட்டியை வீணாக்காமல் பீரில் ஊறவைத்துக் காய்ச்சிக் குடிப்பார்கள்..."

பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார், முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி. அவர் மனைவி மடியில் கிடந்த நாப்கினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் காட்சி போதும்போல இருந்தது. மாட்ரிட்டிலிருந்து ஒருவன் வந்து தஞ்சாவூர்க் கிழவருக்குப் பழைய சோறு என்றால் என்ன என்று சொல்லித் தருகிறான், அவரும் மரியாதைக்காக "அப்படியா தம்பி" என்கிறார்.

பையன் நகர்ந்தான். பெரியவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். இரண்டாவது கரண்டி. மூன்றாவதில் கை பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே இருட்டி, தண்ணீரில் விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவர் தாடை மட்டும் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது, விழுங்க மனசில்லாதவர் போல. நான் மனைவியைத் தொட்டுக் காட்டினேன். பாரு, இந்த ராத்திரி முழுக்க இந்தச் சாப்பாடு தேடிக்கொண்டிருந்த ஆள் இவர்தான். எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. என் கிண்ணத்தில் இருந்தது கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, வெல்வெட் மாதிரி வழவழப்பு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது காய்ந்த ரொட்டிக் கூழ், அவருக்கு அது அம்மா. இப்படியெல்லாம் யோசித்தேன்.

கிளம்பும்போது பார் பக்கத்தில் கோட்டுக்காக நாலு பேரும் காத்து நின்றோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை என்பதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்தக் கூழ் உங்களுக்குச் சின்ன வயசை ஞாபகப்படுத்தியதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். யூட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவராம். வாரத்துக்கு இரண்டு தடவை அதுதானாம். "எனக்கு அது அறவே பிடிக்காது" என்றார். நான் முழித்தேன். அவர் தொடர்ந்தார். அம்மா செய்யும் ஓலெப்ரோத்தில் கட்டி கட்டியாக இருக்கும். ரொட்டியின் மேல்தோல் கரையவே கரையாது. கட்டி வாயில் அகப்பட்டால் துப்ப முடியாது, எதிரே அப்பா உட்கார்ந்திருப்பார். "இன்றைக்கு அந்தக் கட்டிக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. கட்டி இல்லாமல் அது ஓலெப்ரோத்தே இல்லை." அவர் மனைவி அவர் தோளில் கோட்டை மாட்டிவிட்டபடி, மகள் கொடுத்த பரிசு இந்தச் சாப்பாடு, அவளிடம் இதைச் சொல்லிவிடாதே என்றார். என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் தலையாட்டினோம்.

ரயிலில் பாலம் ஏறும்வரை நான் பேசவில்லை. நான் ஏக்கம் என்று நினைத்தது ஏக்கமே இல்லை. அவர் நாக்கால் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கூழையே குடித்து வளர்ந்தவருக்கும் அந்தக் கிண்ணத்தில் பிடி கிடைக்கவில்லை. என் தீர்ப்பில் பாதி அங்கேயே அடிபட்டுப் போயிற்று. அவர் ஞாபகம் ருசியில் இல்லை, குறையில் இருந்தது. அந்தக் குறையைத்தான் சமையல்கட்டில் அரைத்து, சன்னச் சல்லடையில் வடித்து, முதல் வேலையாகக் களைந்துவிட்டார்கள். நம் ஊரிலும் பெரிய ஹோட்டல்களில் மண்சட்டியில் பழைய சோறு வைக்கிறார்கள், சுற்றிலும் ஏழெட்டுத் தொடுகறியோடு. வெள்ளை வெளேரென்று, மல்லிகைப்பூ மாதிரி. அடிச்சட்டியில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அது மட்டும் இருக்காது.

அதற்காகச் சமையல்காரரைக் குறை சொல்ல முடியுமா என்றால், முடியாது. கட்டியோடு கொடுத்திருந்தால், 1,900 குரோனருக்குக் கட்டியா என்று நானே கேட்டிருப்பேன். கூழில் கட்டி இருக்கக் கூடாது என்பது சமையலின் அரிச்சுவடி. அந்த அம்மாவும் கட்டி வரட்டும் என்று செய்திருக்க மாட்டார். பத்துப் பேருக்குச் சமைக்கும் வீட்டில் கலக்க நேரம் இருந்திருக்காது. கிரைப் வாட்டரையும் யாரும் எனக்கு ஞாபகமாக இருக்கட்டும் என்று ஊற்றவில்லை, அழுகை நின்றால் போதும் என்று ஊற்றினார்கள். இதை மனைவியிடம் சொன்னபோது, "சாப்பாடு எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் வயித்துக்கு சாப்பிடாம மனசுக்கு சாப்பிட்டீங்க" என்றாள். அப்புறம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃப்ரீசரில் ரை ரொட்டியின் கடைசித் துண்டுகள் மிஞ்சிக் கிடந்தன. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் ஆல்கஹால் இல்லாத கருப்பு பீர் ஒன்றை ஊற்றி, சர்க்கரை போட்டு, அடி பிடிக்காமல் கிளறினேன். தயிருக்குப் பதிலாக நாங்கள் வாங்கும் ஃபில்மியோல்க்கை மேலே விட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. மேல்தோல் எதுவும் கரையாமல் அங்கங்கே மிதந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மத்தை எடுத்து நீட்டி, "கடைஞ்சிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். கிண்ணத்தோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வாயில் ஒரு கட்டி அகப்பட்டது. நிஜமாகவே நன்றாக இல்லை.